லீசிங், சீட்டு, மீற்றர் வட்டி எல்லாம் கழுத்துக்கு வந்திட்டுது. இஞ்ச வங்குரோத்து அறிவிக்க ஏலுமோ?

சுன்னாகம்_பட்டா (செவ்வாய், இரவு 1:47)

வணக்கம். கன காலமா வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், எழுதினது இல்லை. நித்திரை வரேல்லை, அதுதான்.

வயது 41. சுன்னாகம் சந்தையில மரக்கறி ஏத்தித் தம்புள்ளைக்கு ஓடுறன். திரும்பி வரேக்க கரட், லீக்ஸ், கோவா. 2019 கடைசியில பட்டா எண்ட சின்ன லொறி ஒண்டு லீசிங்கில எடுத்தனான். எடுத்து அஞ்சாறு மாசத்தில கொரோனா. சலுகைக் காலம் தந்தவை, அந்த நேரம் சந்தோசம். முடியேக்க பாத்தால் அந்த மாசங்களின்ர வட்டி முதலில ஏறி நிக்குது. பேந்து 2022. டீசலுக்கு மூண்டு நாள் வரிசையில படுத்தன். ஏத்தின தக்காளி வண்டிக்குள்ளயே தண்ணியா ஓடிச்சுது. தவணையை நீட்டி மாத்தி எழுதினவை, அதுதான் இன்னும் இழுபடுது.

இப்ப நிலைமை இது:

லீசிங் மிச்சம் 14 இலட்சம், மாசம் 46,500.
வங்கிக் கடன் மிச்சம் 7 இலட்சம், மாசம் 21,000. நாலு மாசம் கட்டேல்லை. ரெண்டு பேர் பிணை, ஒராள் மனுசியின்ர தமையன்.
சீட்டு மாசம் 20,000. முதலே கழிச்சு எடுத்திட்டன், இன்னும் 7 மாசம் கட்டோணும்.
மனுசியின்ர பேரில குழுக்கடன், மிச்சம் 60,000, கிழமைக்கு 2,400.
நகை 6 பவுண் 2021இல அடைவு வைச்சது 4 இலட்சத்து 20க்கு. வட்டியைக் கட்டிக் கட்டிப் புதுப்பிக்கிறன்.
மீற்றர் வட்டிக்கு (பதிவில்லாத தனியாளிட்ட எடுத்த கந்துவட்டி) 3 இலட்சம், மாசம் நூற்றுக்கு எட்டு. மாசம் 24,000 படி 14 மாசம் கட்டியாச்சு. முதல் அப்பிடியே இருக்கு.

அடைவு வட்டியை விட்டிட்டுப் பாத்தாலே மாசம் 121,100. டீசல், ரயர் எல்லாம் போகக் கையில வாறது 95,000, நல்ல மாசத்தில.

நேற்றுப் பின்னேரம் மீற்றர்காரர் வீட்டை வந்தவர். சத்தம் போடேல்லை. விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, "ஏழாலைக் காணி ரெண்டு பரப்பையும் என்ர பேருக்கு எழுதி வை, காசு தந்தவுடன திருப்பி எழுதித் தாறன், சனிக்கிழமை நொத்தாரிசிட்ட வா" எண்டு சொல்லிப்போட்டுப் போனார். காணி மனுசியின்ர சீதனம். மீற்றர் கடன் விசயம் மனுசிக்குத் தெரியாது.

நாடே 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு சொல்லிச்சுதுதானே. எனக்கும் அப்பிடிச் சொல்ல ஒரு வழி இருக்கோ?


ஸ்காபரோ_குளிர் (செவ்வாய், விடிய 2:20)

தம்பி, இஞ்ச கனடாவில இது பெரிய விசயமே இல்லை. எனக்குச் சாப்பாட்டுக்கடை ஒண்டு படுத்து, கிறெடிட் காட்டுகள் எல்லாம் நிரம்பி நிண்டது. அரசாங்க உரிமம் உள்ள கடன் தீர்வுப் பொறுப்பாளர் ஒருத்தரிட்டப் போனன். மனுசன் எல்லாத்தையும் ஒரு தாளில போட்டு, "இதில இவ்வளவுதான் இவரால ஏலும்" எண்டு கடன்காரருக்கு எழுதினார். அவை ஓமெண்டிச்சினம். அஞ்சு வருசத்துக்குள்ள கட்டி முடிக்கோணும், வீட்டு மோட்கேச் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்குள்ள இருக்கோணும். பதிஞ்ச அண்டையோட ரெலிபோன் அடிக்கிறது நிண்டிட்டுது. அதைவிட நிம்மதி எனக்கு வேற இல்லை. முழு வங்குரோத்து எண்டால், முதல் தரம் போறவருக்கு, வருமானம் கூட இல்லையெண்டால் 9 மாசத்தில விடுதலை.

அங்கயும் உப்பிடி ஒண்டு இருக்கோணுமே?


காரைநகர்_காத்து (செவ்வாய், காலை 6:05)

அண்ணை, என்னத்துக்கு உந்தக் கரைச்சல்? காணியை வித்து ஏஜென்சிக்குக் கட்டிப்போட்டு வெளிநாட்டுக்கு வெளிக்கிடுங்கோ. ரெண்டு வருசத்தில எல்லாத்தையும் அடைச்சிடுவியள்.


செவ்வரத்தை (செவ்வாய், காலை 6:40)

காரைநகர் தம்பி, என்ர சித்தப்பாவின்ர மகன் உப்பிடித்தான் வெளிக்கிட்டவன். பாதி வழியில மூண்டு மாசம் நிண்டு திரும்பி வந்தான். முந்திக் கடன் மட்டும்தான் இருந்தது, இப்ப கடனும் இருக்கு, காணியும் இல்லை. விடியக் காலமையிலயே உந்தக் கதை கதைக்காதையுங்கோ.

பட்டா அண்ணை, இரவு ஒண்டே முக்காலுக்கு எழுதியிருக்கிறியள். நித்திரை இல்லாமல் எத்தினை நாள்? மனம் வேற பக்கம் போகுதெண்டால் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கோ, தமிழிலயும் கதைக்கலாம். நான் ஒருக்கா எடுத்தனான், அதாலதான் சொல்லுறன்.


கோட்டடி_வேப்பமரம் (செவ்வாய், காலை 9:15)

நொத்தாரிசு ஒருத்தரிட்ட 22 வருசம் எழுத்தரா இருந்தனான். அதால நீட்டா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் வங்குரோத்துக் கதை. சட்டம் இருக்கு. கடனிறுக்க வகையில்லாதவைக்கான கட்டளைச் சட்டம், 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம். விக்டோரியா மகாராணி காலம். மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போட்டு, உள்ள சொத்து, உள்ள கடன் எல்லாத்தையும் அட்டவணையாக் குடுக்கோணும். சொத்து ஒரு பொறுப்பாளரின்ர கைக்குப் போகும், கடன்காரர் கூடுவினம், கடைசியில நீதிமன்றம் பத்திரம் ஒண்டு தரும். அதில மூண்டு வகுப்பு. உன்ர பிழையில்லாமல் காலக் கேட்டால முறிஞ்சால் முதலாம் வகுப்பு. பாதி உன்ர பிழையெண்டால் ரெண்டாம் வகுப்பு. முழுக்க உன்ர பிழையெண்டால் மூண்டாம் வகுப்பு. எங்கட ஆக்கள் முதலாம் வகுப்பு எடுத்தால் அதையும் சட்டகம் போட்டு விறாந்தையில தொங்கவிடுவினம்.

இந்த 22 வருசத்தில அதைக் கேட்டுப் படியேறி வந்த ஒரு சீவனை நான் காணேல்லை. கடைக்காரர், கொம்பனிக்காரர் எண்டால் ஒரு கதை. பட்டாக்காரருக்குச் சட்டத்தரணிச் செலவே இன்னொரு கடனாப் போகும். கனடாவில மாதிரி "இவ்வளவுதான் ஏலும்" எண்டு பதிஞ்சால் எல்லாரும் வாயை மூடுற ஏற்பாடு எங்களைப்போல ஆக்களுக்கு இஞ்ச இல்லை. ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியத்தான் கதைச்சு முடிக்கோணும்.

இப்ப சனிக்கிழமைக் கதை. தம்பி, அந்தப் படியை மிதியாதை. அவர் கேக்கிறது ஈடு இல்லை, அறுதி. ஈட்டு உறுதி எண்டால் காணி உங்கட, அதில கடன் நிக்குது எண்டு அர்த்தம். ஒத்தி எண்டாலும் காணி உங்கட, வட்டிக்குப் பதிலா விளைச்சலை அவர் எடுக்கிறார், முதலைக் குடுத்தால் திரும்பும். எங்கட தேசவழமையில (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) காலங்காலமா இருக்கிற முறை அது. அறுதி எண்டால் வித்தாச்சு. "திருப்பி எழுதித் தாறன்" எண்டது வாய்ச்சொல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விசயத்தில நொத்தாரிசுக்கு முன்னால சாட்சி ரெண்டு பேரோட எழுதாத ஒப்பந்தம் செல்லாது. பேந்து "உண்மையில இது கடனுக்கு எழுதினது" எண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின்ர 83ஆம் பிரிவில வழக்குப் பேசலாம், வெண்ட ஆக்களும் இருக்கினம். வழக்கு முடியேக்க உங்கட பேரப்பிள்ளை கம்பஸ் போகும்.

அதோட, சீதனக் காணி மனுசியின்ர தனிச்சொத்து. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி நீங்கள் பட்ட கடனுக்கு அந்தக் காணி பொறுப்பில்லை. (அந்தக் காணியைத் திருத்த, பயிர் செய்ய எண்டு பட்ட கடன் வேற.) அவ கையெழுத்து வைக்கோணும், அதுக்கு நீங்கள் எழுத்தில சம்மதம் குடுக்கோணும். ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்தால்தான் போகும். அதாவது, மனுசிக்குச் சொல்லாமல் சனிக்கிழமை வரவே வராது.

வெறும் செக், வெறும் புறோநோட்டு ஏதும் அவரிட்ட இருக்கோ?


சுன்னாகம்_பட்டா (செவ்வாய், காலை 10:02)

ஓம் அண்ணை. தொகை போடாத புறோநோட்டு ஒண்டு. செக் இல்லை, என்னட்டை செக்புத்தகமே இல்லை.


கோட்டடி_வேப்பமரம் (செவ்வாய், காலை 10:20)

செக் இல்லாதது பெரிய நன்மை. காசில்லை எண்டு தெரிஞ்சு செக் எழுதினால் அது குற்றவியல் பக்கம் போகும். மற்றும்படி சாதாரண கடனுக்குப் பொலிஸ் வந்து பிடிக்கிறது எண்டெல்லாம் வெருட்டு. கடனைத் தண்டிக் குடுக்கிறது பொலிசின்ர வேலை இல்லை.

தொகையை வெறுமையா விட்டு நோட்டு வாங்கிறது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் குடுத்தல் சட்டத்தில குடுக்கிறவருக்குத்தான் குற்றம். நோட்டில முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, முற்பணமாக் கழிச்சது எவ்வளவு எண்டு தெளிவா இருக்கோணும். அதை அவருக்கு முன்னால நீங்கள் சொல்லவேண்டாம், சட்டத்தரணி சொல்லட்டும். சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களிட்டக் காசு எடுக்கிறேல்லை.

கட்டின 336,000 வட்டி திரும்பி வராது. அதை மறந்திடுங்கோ.


பழைய_கவுண்டர் (செவ்வாய், பின்னேரம் 4:30)

வங்கியில இருந்து பென்சனில வந்தவன். கடன் பக்கம்தான் கடைசிப் பத்து வருசமும்.

தம்பி, உம்மட பட்டியலைப் பாத்தவுடன எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. வங்கிக்கு நாலு மாசம் கட்டேல்லை. மீற்றருக்கு ஒரு மாசமும் பிந்தேல்லை. சீட்டுக்கும் பிந்தியிருக்க மாட்டீர். ஏன்? வங்கிக்காரன் கடிதம் போடுவான், மீற்றர்காரன் விறாந்தைக்கு வருவான். ஆர் சத்தமா வாறானோ அவனுக்கு முதல் கட்டுறது. யாழ்ப்பாணத்தில முக்கால்வாசிச் சனம் இப்பிடித்தான் கட்டுது. ஒழுங்கையில நாலு பேர் பாக்கக்கூடாது எண்ட ஒண்டுக்காக, ஆகக் கூடின வட்டியை முதல் கட்டி, ஆகக் குறைஞ்ச வட்டியை நிலுவையில விடுறது. கணக்குப்படி தலைகீழ்.

கதைச்சுத் தவணை மாத்தக்கூடிய ஒரே ஆள் வங்கிதான். அதுவும் நேரத்தோட போனால். 3 மாசம் தாண்டினால் செயற்படாக் கடன் எண்ட பெட்டிக்குள்ள போயிடும், பேந்து கதைக்கிற மனேச்சரின்ர முகமும் மாறும். நீர் நாலு மாசம், பரவாயில்லை, நாளைக்கே போம். வாயால கேக்காமல் கடிதமா எழுதிக் குடும்: வருமானம் இவ்வளவு, மற்றக் கடன் இவ்வளவு, மாசம் இவ்வளவுதான் ஏலும். ஒரு பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்கும். 2024இல மத்திய வங்கி சொல்லி, நொந்துபோன வியாபாரங்களைத் தூக்கிவிட எண்டே வங்கிகளில ஒரு தனிப்பிரிவு வைச்சிருக்கினம். அதைக் கேளும், கேக்காமல் தானாச் சொல்ல மாட்டினம்.

"பேப்பரில ஏலம் போடுவினம்" எண்டு ஆரும் வெருட்டினால்: நீதிமன்றம் போகாமல் வங்கியே ஏலம் விடுற அதிகாரம் 1990இன்ர 4ஆம் இலக்கச் சட்டத்தில இருக்கு, ஆனா அது வங்கிக்கு ஈடு வைச்ச சொத்துக்கு, அதுவும் எடுத்த முதல்தொகை 50 இலட்சத்துக்குக் குறைஞ்ச கடனுக்கு இல்லை. உமக்குப் பொருந்தாது. உமக்கு வரக்கூடியது வழக்கு. அழைப்பாணை வந்தால் லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டாதையும். கடன் அறவீட்டுச் சட்டத்தில நீர் போய்க் காரணம் காட்டாட்டில் தீர்ப்பு தன்பாட்டில இறுகிடும்.

நகைக் கதைக்கு இரவு வாறன். அதுதான் உம்மட திறப்பு.


ரீச்சர்_புத்தூர் (செவ்வாய், பின்னேரம் 6:10)

எல்லாரும் பட்டாத் தம்பிக்குப் புத்தி சொல்லுறியள், நல்லது. நான் மற்றப் பக்கத்தில நிண்டவ. பிணை வைச்சவ.

கூடப் படிப்பிச்ச ஒராளின்ர தம்பிக்குக் கையெழுத்து வைச்சனான். "ரீச்சர், சும்மா ஒரு முறைக்குத்தான்" எண்டு சொன்னவை. ரெண்டு வருசம் கழிச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. அதிபரின்ர மேசையில, உடைச்சபடி. நான் வாசிக்க முதல் அலுவலகத்தில எல்லாருக்கும் தெரியும். பேந்து வீட்டுக் கூரைக்குக் கடன் கேட்டுப் போனால், கடன் தகவல் பணியகத்து அறிக்கையில என்ர பேருக்கு நேர அந்தப் பெடியன்ர நிலுவை நிக்குது. அதுக்குக் கறுப்புப் பட்டியல் எண்டு பேர் இல்லையாம், தகவல் மட்டும்தானாம். பேர் எதெண்டாலும் எனக்குக் கடன் தரேல்லை. ரெண்டு மாரி தறப்பாளுக்குக் கீழ இருந்தம்.

அந்தப் பெடியன் ஒருக்காலும் வந்து என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை. எனக்கு இண்டைக்கும் ஆறாதது அதுதான். காசு பிறகு.

தம்பி, உங்கட மச்சானுக்குச் சொல்லிட்டியளோ?


சுன்னாகம்_பட்டா (செவ்வாய், இரவு 8:55)

இல்லை ரீச்சர். சந்தையில கண்டால் மற்றப் பக்கத்தால போறன்.


குருநகர்_வலை (செவ்வாய், இரவு 9:10)

இஞ்சயும் ஒரு ஆள். மண்ணெண்ணெய் 87 ரூபா இருந்தது, 2022 ஓகஸ்டில ஒரே இரவில 340 ஆக்கினவை. எஞ்சின் கடன் எடுத்தது 87 ரூபாக் கணக்கில. யோசிச்சுப் பாருங்கோ. நான் எஞ்சினை வித்திட்டு வேற ஆளின்ர போட்டில பங்குக்குப் போறன். முதல் கிழமை வெக்கமா இருந்தது, கரையில நிண்டு எல்லாரும் பாக்கிற மாதிரி. ரெண்டாம் கிழமை ஒருத்தரும் பாக்கேல்லை. அவையவைக்கு அவையவையின்ர மீன்.


பழைய_கவுண்டர் (செவ்வாய், இரவு 9:40)

நகை. 2021இல 6 பவுணுக்கு 4 இலட்சத்து 20, அதாவது பவுணுக்கு 70 ஆயிரம் வேண்டியிருக்கிறீர். இப்ப ஒரு பவுண் 2 இலட்சம் தாண்டிக் கன நாள். நீர் வட்டி கட்டிக் கட்டிப் புதுப்பிக்கிற பொதிக்குள்ள கடனைவிட மூண்டு மடங்கு காசு தூங்குது. நாலு பவுணை வித்தால் அடைவும் முடியும், மீற்றர் முதலும் முடியும், ரெண்டு பவுண் வீட்டை வரும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையளுக்கு அடைவுச் சீட்டோட போனால், கடைக்காரரே ஆளனுப்பி மீட்டு வேண்டிற வழக்கம் இருக்கு. ஒரு கடையோட நிக்காமல் மூண்டு கடையில நிறையும் விலையும் கேளும். பவுணுக்கு எவ்வளவு, கழிவு எவ்வளவு எண்டு எழுத்தில வேண்டும்.

அடைவு எண்டது யாழ்ப்பாணத்துக்குப் பழகின கடன், அதால ஒருத்தரும் அதைக் கடனாவே எண்ணுறேல்லை. "நகை வங்கியில இருக்கு" எண்டுதான் சொல்லுவினம், சேமிச்சு வைச்ச மாதிரி.

அடுத்தது பட்டா. 2020 மாச்சில வாகன இறக்குமதி நிண்டதில இருந்து பழைய வாகனத்துக்கு விலை ஏறினது. 2025 பெப்ரவரியில திறந்துவிட்டவை, எண்டாலும் வரி போட்டு வாறதாலே விலை தரையில விழேல்லை. லீசிங் முடியுமட்டும் வாகனத்தின்ர சொந்தக்காரர் கொம்பனிதான். தவணை தவறி அவை பிடிச்சு ஏலத்தில விட்டால் என்ன விலைக்குப் போகுது எண்டு நீர் பக்கத்தில நிண்டு பாக்கேலாது, குறைஞ்சதும் உம்மட தலையில வரும். நீராப் போய் முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு எண்டு கடிதம் கேட்டு, கொம்பனியின்ர சம்மதத்தோட வாங்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வித்தால் அந்த வித்தியாசம் உம்மட பொக்கற்றில.


சுன்னாகம்_பட்டா (செவ்வாய், இரவு 10:15)

பட்டாவை விக்கிறதோ? அண்ணை, அதுதானே என்ர தொழில்.


பழைய_கவுண்டர் (செவ்வாய், இரவு 10:22)

உம்மட தொழில் ஓட்டுறது. பட்டா கொம்பனியின்ர.


செவ்வரத்தை (புதன், காலை 7:30)

பெரிய கடனையே கதைக்கிறியள். 60,000 ரூபா குழுக்கடன் ஆற்றையும் கண்ணிலயும் படேல்லை. அது ஆகச் சின்னதுதான், ஆனா வீட்டில பொம்பிளையைக் கொல்லுறது அதுதான்.

நான் வடமராட்சி. ஒரு நேரத்தில அஞ்சு கொம்பனி. ஒண்டைக் கட்ட மற்றது, மற்றதைக் கட்ட இன்னொண்டு. குழுவில அஞ்சு பேர், ஒருத்தி கட்டாட்டில் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்டோணும். கூட்டம் காலமை ஒன்பது மணிக்கு, காசு நிரவினால்தான் எழும்பலாம். ஒருநாள் மத்தியானம் ஒண்டரை மட்டும் இருந்தனாங்கள், அடுப்பில உலை வைச்சிட்டு வந்தவ ஒருத்தியும் அதில. பின்னேரம் தண்ட வாற பெடியன் தலைக்கவசத்தைக் கதிரையில வைச்சிட்டுப் படலைக்குள்ள நிப்பான். நான் கிணத்துக்கட்டுக்குப் பின்னால, சின்னவளின்ர வாயைப் பொத்திக்கொண்டு. பெடியன் நல்லவன், எங்கட ஊர்தான், அவனுக்கும் மாச இலக்கு. அவன் கட்டு விலகின கொப்பியை ரப்பர் பாண்ட் போட்டு வைச்சிருந்தது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

2018இல அரசாங்கம் சலுகை அறிவிச்சது ஞாபகமோ? வறட்சி பாதிச்ச 12 மாவட்டம், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன், மூண்டு மாசம் நிலுவையில நிண்ட பொம்பிளையளுக்குத் தள்ளுபடி. எனக்குக் கிடைக்கேல்லை. ஏனெண்டால் நான் சீட்டைக் கழிச்சு எடுத்து ஒழுங்காக் கட்டிப்போட்டன்! கட்டாமல் விட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைச்சுது. அவவில கோவமில்லை. நல்லா இருக்கட்டும். அந்த வருசம்தான் நிதிக் கொம்பனியளின்ர நுண்கடன் வட்டிக்கு 35 வீத எல்லையும் போட்டவை. 35 எண்டதே எல்லையெண்டால் அதுக்கு முந்தி என்ன எண்டு கணக்குப் பாருங்கோ.

நான் வெளியில வந்தது எங்கட ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தால. சின்னத் தொகை, குறைஞ்ச வட்டி, நிர்வாகத்தில தெரிஞ்ச பொம்பிளையள். அஞ்சில ஆகச் சின்னதை முதல் முடிச்சன். ஒரு கிழமைக்கு ஒரு தலைக்கவசம் குறைஞ்சுது.

அண்ணை, அக்காவுக்குச் சொல்லுங்கோ. சனிக்கு முதல்.


காரைநகர்_காத்து (புதன், காலை 8:15)

நான் சொன்னது பிழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன், மீற்றர்காரர் ஆக்களோட வந்தால்? சட்டம் கதைச்சு என்ன பிரயோசனம்?


கோட்டடி_வேப்பமரம் (புதன், காலை 9:00)

அடிபிடி, வெருட்டு எண்டால் அதுக்குப் பொலிஸ் இருக்கு, அது கடன் விசயம் இல்லை, குற்றம். முறைப்பாட்டுத் துண்டை எடுத்து வைக்கோணும். ஆனா அனுபவத்தில சொல்லுறன்: முதலைக் கையில காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஓமெண்டுவினம். அவருக்கு வழக்கு விருப்பமில்லை, நீதிமன்றத்தில நூற்றுக்கு எட்டு எண்டு வாயால சொல்ல ஆருக்குத் துணிவு வரும்? மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டு அங்க வைச்சு முடிச்சால் இன்னும் நல்லது. தீர்வு எழுத்தில இருக்கும், நோட்டு அங்கயே கிழிபடும். காசு குடுக்கேக்க நோட்டை வாங்காமல் குடுக்காதையும், "வீட்டை கிடக்கு, நாளைக்குத் தாறன்" எண்டால் நாளைக்கே காசும்.

லீசிங், நிதிக் கொம்பனி ஏதும் முறைகேடாச் செய்தால் மத்திய வங்கியின்ர 1935 இலக்கத்துக்கு எடுங்கோ. கிளிநொச்சியில அவையின்ர பிராந்திய அலுவலகமும் இருக்கு. மீற்றருக்கு அது பொருந்தாது, அவர் எந்தப் பதிவிலயும் இல்லை.


சுன்னாகம்_பட்டா (வெள்ளி, இரவு 9:30)

சொல்லிட்டன்.

புதன் இரவு, சாப்பாடு முடிஞ்சு, பிள்ளையள் படுத்த பிறகு. மூண்டு நாள் வசனம் யோசிச்சு வைச்சனான், ஒண்டும் வரேல்லை. காணி எண்டு தொடங்கினன். மனுசி புட்டுப் பானையைக் கழுவிக்கொண்டு நிண்டவ, திரும்பிப் பாக்காமல் கேட்டா: "எவ்வளவு?" மூண்டு இலட்சம் எண்டன். "அந்த மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் நீங்கள் கிணத்தடிக்குப் போறது எனக்குத் தெரியாதோ? நான் நினைச்சன் அஞ்சு எண்டு."

பேந்து அழுதவ, அது வேற. நகை விக்கிறதுக்கு உடன ஓமெண்டா. காணிக் கதை எடுத்ததுக்குத்தான் ரெண்டு நாளா என்னோட சரியாக் கதைக்கேல்லை. அவவின்ர அப்பா புகையிலை வைச்ச காணி.

நாளைக்கு நொத்தாரிசிட்டப் போகேல்லை. அவருக்கு ரெலிபோனில சொன்னன், முதலை ரெண்டு கிழமையில தாறன், எழுத்தெண்டால் ஏலாது எண்டு. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. "சரி பாப்பம்" எண்டு வைச்சிட்டார். கை நடுங்கினது.


ரீச்சர்_புத்தூர் (வெள்ளி, இரவு 9:50)

மச்சான்?


சுன்னாகம்_பட்டா (வெள்ளி, இரவு 9:52)

இன்னும் இல்லை ரீச்சர்.


சுன்னாகம்_பட்டா (ஆறு கிழமை கழிச்சு, வியாழன், இரவு 8:20)

பிறகு நடந்ததை எழுதோணும் எண்டு நினைச்சனான், பிந்திட்டுது.

நகையில நாலு பவுண் போச்சு. மூண்டு கடை ஏறினம், முதல் கடைக்கும் மூண்டாம் கடைக்கும் பவுணுக்கு 6,000 வித்தியாசம். அடைவு முடிஞ்சுது. சங்கிலி ரெண்டு பவுண் வீட்டை வந்தது, மனுசி போடேல்லை, அலுமாரிக்குள்ள வைச்சிட்டா. மீற்றர் மூண்டு இலட்சமும் மத்தியஸ்த சபையில வைச்சுக் குடுத்தது. அவர் கடைசி மாச வட்டி கேட்டவர், சபையில இருந்த வயசான ஐயா ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி, "தம்பி, 14 மாசம் வேண்டினது காணாதோ?" எண்டு மட்டும் கேட்டார். நோட்டைக் கிழிச்சுத் துண்டுகளை என்ர கையிலயே தந்தவை.

பட்டா வித்தாச்சு. லீசிங் தீர்வுத் தொகை போகக் கையில 2 இலட்சத்து 80. வங்கி நிலுவை 84,000, குழுக்கடன் 60,000 கட்டினது. மிச்சத்தைச் சீட்டுக்கெண்டு தனியாப் போட்டு வைச்சிருக்கு. வாங்கினது எங்கட சந்தை ஆள்தான், அவருக்கே இப்ப சம்பளத்துக்கு ஓடுறன். அதே பட்டா. இடப்பக்கக் கதவு ஒருக்கா உயர்த்தி அடிச்சால்தான் பூட்டும் எண்டு நான்தான் அவருக்குக் காட்டிக் குடுத்தது. முதல் நாள் தம்புள்ளையில "என்ன, முதலாளி இப்ப சாரதியோ" எண்டு ஒருத்தன் பகிடி விட்டான். குருநகர் அண்ணை சொன்ன மாதிரி, ரெண்டாம் கிழமை ஒருத்தரும் கேக்கேல்லை.

வங்கி 7 இலட்சத்தை நீட்டித் தர ஓமெண்டிட்டுது, மாசம் 13,500 வரும். ஆனா புதுசா எழுதிறதால பிணைகாரர் ரெண்டு பேரும் திருப்பிக் கையெழுத்து வைக்கோணுமாம். மற்றவர் வைச்சிட்டார். மச்சானிட்ட ரெலிபோனில கேட்டன், "பாப்பம்" எண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை போகப்போறன்.


பழைய_கவுண்டர் (வியாழன், இரவு 8:45)

மனுசியையும் கூட்டிக்கொண்டு போம்.


ரீச்சர்_புத்தூர் (வியாழன், இரவு 9:05)

நிலுவை கட்டின துண்டையும் கொண்டு போங்கோ தம்பி. அவர் கேக்க முதல் எடுத்து மேசையில வையுங்கோ. எனக்கு அப்பிடி ஒருத்தரும் கொண்டு வந்து காட்டேல்லை.